நானூற்றுப் பதினேழாவது ஆள்

"ஐயா சாமி, இது சலவைக்கடை! சட்டையில ரத்தக்கறை இருந்தா எடுத்துத் தர்றேன். ரத்தமே வேணும்னா நான் எங்க போவேன்?"

சலவைக்கடைக்காரர் மூன்றாவது தடவையாகப் போனை வைத்தார். மத்தளம் தன் கைப்பேசியை முறைத்தான். நானூற்றுப் பதினேழாம் கொடையாளியின் எண்ணை அழுத்தினால் சலவைக்கடைதான் எடுக்கிறது. முகவரியைத் தேடிக் காலையில் அலைந்தது அதைவிட மோசம். அந்தத் தெருவில் வீடுகள் நாற்பத்திரண்டோடு முடிந்துவிட்டன, நம்முடைய ஆள் குடியிருப்பதோ தொண்ணூற்றாறாம் எண்ணில்.

"மேடம், இந்த ஆள் இருக்கிறது நிஜம்னா நான் மெலிஞ்சதும் நிஜம்" என்றான், தன் தொந்தியைத் தட்டி.

எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி வாங்குவதால் அவனுக்கு மத்தளம் என்று பெயர். குடைந்து குடைந்து கேட்பதால் அவனுடைய முதலாளியம்மாவுக்குக் குடைச்சல் என்று பெயர். முதல் பெயரை எல்லோரும் முகத்துக்கு நேரே சொல்வார்கள். இரண்டாவதை முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. இருவரும் சேர்ந்து நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு ஓர் அறை, ஒரு மேசை, ஒன்றரை நாற்காலி.

அவர்கள் இப்போது நின்றுகொண்டிருந்தது அபூர்வ ரத்தக் கொடையாளர் பதிவகத்தின் இரண்டாம் மாடி அலுவலகம். லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் ரத்த ரகங்களுக்கு இங்கேதான் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இன்று தேவைப்படும் ரகத்துக்கு, கூப்பிடு தூரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கடல் கடந்து போய்விட்டார். ஒருத்திக்கு எட்டாம் மாதம். மூன்றாவது ஆள்தான் நானூற்றுப் பதினேழு.

கைப்பேசி மீண்டும் துடித்தது.  காலையிலிருந்து இது பதினோராவது அழைப்பு.

"கிடைச்சாரா?" என்றாள், இந்தத் தேடலை அவர்களிடம் ஒப்படைத்த டிரைவிங் ஸ்கூல் அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், போனில்கூடப் பிரேக்கை மிதிக்கச் சொல்லும் குரலில்தான் பேசுவாள்.

"தேடிட்டே இருக்கோம் அக்கா."

"நாலு மணிக்குள்ள இன்னொரு பாட்டில் வேணும்னு டாக்டர் முடிவாச் சொல்லிட்டாரு. சாரத்திலிருந்து விழுந்தவன் சார் அவன். ஏற்கனவே ஒரு கால் தாங்கலோட சுவருக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்த என் தம்பி. என் ரத்தத்தை டெஸ்ட் பண்ணாங்க, சேரல. மூத்தவன் ஒருத்தன் இருந்தான், பன்னிரண்டு வருஷமா போன இடம் தெரியாது. அவனையா நான் போய்த் தேடுவேன்? நீங்க அந்த நானூத்திப் பதினேழைப் பிடிங்க, போதும்."

மணி ஒன்று பத்து. மத்தளத்தின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது.

குடைச்சல் எதையும் காதில் வாங்காதவர் போல ஒரு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் பதிவகத்தின் புரோகிராமர். காதில் மாட்டுகிற சமாசாரம் எப்போதும் கழுத்தில் தொங்குவதால் ஹெட்போன் என்றே கூப்பிட்டார்கள். பாவம், அழுதுவிடுவாள் போல இருந்தாள். பட்டியல் அவள் பொறுப்பு, பட்டியலில் பொய் இருந்தால் தலை உருளப்போவதும் அவளுடையதுதான்.

"நம்பரை எழுதித் தர்றேன் மேடம். ஆனா எல்லாம் சரியாத்தான் இருக்கு பாருங்க. பேர், குரூப், போன், அட்ரஸ்." பேரை நகலெடுக்க அவள் அந்தக் கட்டத்தைச் சொடுக்கினாள்.

"ஏம்மா, உன் கோடு ஏன் அங்க போய் நிக்குது?"

திரையில் மினுக்கும் அந்தச் சின்னக் கோடு, பேரின் கடைசி எழுத்தை ஒட்டி நிற்கவில்லை. வெகுதூரம் தள்ளி, வெட்டவெளியில் நின்று மினுக்கியது.

ஹெட்போன் நானூற்றுப் பதினாறைத் திறந்து சொடுக்கினாள். கோடு கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. நானூற்றுப் பதினெட்டிலும் அப்படியே. நானூற்றுப் பதினேழில் மட்டும் எட்டு எழுத்துப் பேர், அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள். அவள் எண்ணினாள். பதினாறு.

"வால் இருக்கே!" என்றான் மத்தளம். "மனுஷனுக்கே வால் இருந்தா ஆஞ்சநேயர்னு கும்பிடலாம். பேருக்கு வால் இருந்தா என்ன பண்றது?"

"இது பழங்காலத்துப் பழக்கம் மேடம்" என்றாள் ஹெட்போன். அவள் குரலில் முதல்முறையாகப் பயம் குறைந்து ஆர்வம் தலைகாட்டியது. "ஒரு ஆளோட விவரத்தை ஒரு ரெக்கார்டுன்னு சொல்லுவோம். அதுல என்னென்ன இருக்கும்னு முதல்ல ஒரு வரையறை எழுதணும். நான் எழுதுறது பைத்தான்கிற கம்ப்யூட்டர் மொழி. பேர்னு ஒன்னு இருக்குன்னு சொன்னாப் போதும், எவ்வளவு நீளம்னு அது கேக்கவே கேக்காது. ஆனா முதல் புரோகிராம் கோபோல்னு ஒரு பழைய மொழியில எழுதினது. அதுல பேருக்கு இத்தனை இடம்னு முன்கூட்டியே அளந்து ஒதுக்கிடுவாங்க. பேர் சின்னதா இருந்தா மிச்ச இடத்தை வெற்றிடத்தால நிரப்பணும்."

"ஆக, இந்தப் பேரை எழுதினவர் அளந்து எழுதிப் பழகினவர்" என்றார் குடைச்சல். "முதல் புரோகிராமை எழுதினவர் எங்கே?"

"ரிட்டையராகி ஒன்பது வருஷம். இருபது நிமிஷ தூரம். காது மந்தம், போன் எடுக்கமாட்டாரு."

கதவருகே ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார். தகவல் சேமிக்கும் கம்ப்யூட்டர்கள் இருக்கும் சர்வர் அறைக்குப் பொறுப்பானவர், சர்வர் சார் என்பார்கள். நாற்பதைத் தொடும் ஒல்லி மனிதர். காலையிலிருந்து கேட்டதை எல்லாம் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தவர். "வெயில்ல போறீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

படியில் இறங்கும்போது மத்தளம் முணுமுணுத்தான். "நல்ல மனுஷன். ஆனா காலையிலிருந்து ஹெல்மெட்டைக் கையை விட்டுக் கீழ வைக்கல பாத்தீங்களா? ஆபீஸ்ல தலையில ஏதாவது விழும்னு ஜோசியக்காரன் சொல்லியிருப்பானோ?"

குடைச்சல் ஒரு படியில் நின்றார். பிறகு இறங்கினார்.

இருபது நிமிஷ தூரம் முப்பத்தைந்து நிமிஷம் பிடித்தது. ஒவ்வொரு சிக்னலும் அவர்களைப் பார்த்ததும் சிவந்தது. முன்னால் போன தண்ணீர் லாரி, கல்யாண ஊர்வலம் போல நகர்ந்தது. மத்தளம் ஹாரனை அழுத்தியதில் பக்கத்து வண்டிக் குழந்தை விழித்துக்கொண்டது. அந்தக் குழந்தையின் அம்மா திட்டிய திட்டில் இரண்டு அவனுக்கே புதுசு.

ஓய்வுபெற்றவர் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதன் உடைந்த காலுக்கு அவர் பசை தடவிக்கொண்டிருந்தார். "உக்காராதீங்க, இன்னும் காயல" என்றார் வரவேற்பாக.

குடைச்சல் விஷயத்தைக் காதருகே குனிந்து சொன்னார். வாலுள்ள பேரை அச்செடுத்த தாளையும் நீட்டினார். பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எட்டும் பதினாறும் இருபத்திநாலு. என்னோட அளவு முப்பதும்மா! பேருக்கு முப்பது, குரூப்புக்கு நாலு, போனுக்குப் பன்னிரண்டு, முகவரிக்கு அறுபது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இது நான் தைச்ச சட்டை இல்ல. வேற தையல்காரன்."

"யாரு?" என்று கத்தினான் மத்தளம்.

"எனக்கு அப்புறம் ஒருத்தன் வந்தான். பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும் நடுவுல விவரத்தைக் கடத்த ஒரு பாலம் கட்டினான். பாஸ்கல்ங்கிற இன்னொரு மொழியில எழுதினான். அதுல பேரை இருபத்திநாலாக் குறைச்சான். நீளமான பேர்க்காரன் வாலறுந்து நிப்பான்டான்னு சண்டை போட்டேன், கேக்கல. இப்ப சர்வர் ரூம்ல இருக்கானே, அவன்தான்."

மத்தளத்தின் கால் ஆட்டம் நின்றது. தண்ணீர்ப் பாட்டில் கண்முன் வந்தது. "தண்ணி குடுத்தே தண்ணி காட்டிட்டானே!" என்றான்.

"பாலம் வழியாப் போற பேர் எல்லாத்துக்கும் வால் இருக்குமா?" என்று கேட்டார் குடைச்சல்.

"இல்ல. முறையாப் போனா, வெளியே விடும்போது வாலை நறுக்கித்தான் விடும். பாலத்துக்குள்ளேயே உக்காந்து ஒருத்தன் கையால எழுதினாத்தான் வால் ஒட்டிக்கும். அது அவனைத் தவிர யாராலயும் முடியாது."

"ஆளை மறைக்கணும்னா அந்த ரெக்கார்டையே அழிச்சிருக்கலாமே. எதுக்குப் பொய் ஆளை உக்கார வைக்கணும்?"

பெரியவர் பசைக் குச்சியை ஆட்டினார். "முடியாதும்மா. இன்னும் மாசாமாசம் பட்டியலை அச்சடிக்கிறது என் பழைய பெட்டிதான். அதுல ஒவ்வொரு ஆளுக்கும் சரியா நூத்திஇருபது இடம். நானூத்திப் பதினேழாவது ஆளைக் கேட்டா, நானூத்திப் பதினாறு பேரைத் தாண்டி அடுத்த இடத்துல நிக்கும். நடுவுல ஒருத்தனைப் பிடுங்கினா பின்னால இருக்கிறவன் எல்லாம் ஒரு இடம் நகர்ந்துடுவான். ஒருத்தனைக் கூப்பிட்டா இன்னொருத்தன் வருவான், அன்னைக்கே குட்டு உடைஞ்சிடும். அதனால அதே இடத்துல, அதே அளவுல ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கான்."

குடைச்சல் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "முப்பது, நாலு, பன்னிரண்டு, அறுபது. நூத்திஆறுதானே வருது. மிச்சம் பதினாலு?"

பெரியவர் பசைக் குச்சியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருஷம் காத்திருந்த முகம் அது.

"பின்னால தேவைப்படும்னு கடைசியில பதினாலு இடம் சும்மா விட்டேன். அதுக்குப் பேர் வைக்கல. அடுத்து வந்த ரெண்டு பேரும் பேர் வெச்சதை மட்டும்தான் தங்கள் வரையறையில எடுத்துக்கிட்டாங்க. பேர் இல்லாத இடத்தை எவன் திரும்பிப் பாப்பான்? பாலத்தாலயும் அதைத் தொட முடியாது. ஆனா நான் சும்மா இருப்பேனா? ஆள் எப்படி வந்தான், யார் கூட்டிட்டு வந்தான்னு அதுல ரெண்டு வார்த்தை போட்டு வைப்பேன். நூத்தி எழுபது பேருக்கு மேல போட்டேன், யாருக்கு என்னன்னு இப்ப ஞாபகமில்ல." ஒரு சீட்டில் ஏதோ கட்டளையைக் கிறுக்கினார். "பழைய பெட்டியில இதைத் தட்டுங்க. நூத்திஇருபது இடத்தையும் அப்படியே கக்கும்."

திரும்பி வரும்போது மணி இரண்டரை. மத்தளம் வண்டியை ஓட்டினானா பறக்கவிட்டானா என்பது அவனுக்கே தெரியாது. வழியெல்லாம் அவன் பல்லைக் கடித்தான். ஓர் உயிர் ஊசலாடும்போது கொடையாளியை ஒளித்து வைத்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? ஒருவேளை அந்த ஆளையே ஏதாவது செய்துவிட்டானோ?  பன்னிரண்டாவது அழைப்பையும் பதின்மூன்றாவதையும் அவன் எடுக்கவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது?

சர்வர் அறைச் சாவி சர்வர் சாரிடம்தான் இருந்தது. குடைச்சல் சீட்டை நீட்டியதும் அவர் முகம் வெளிறியது, ஆனால் மறுக்கவில்லை. இடது கையில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு வலது கையால் பூட்டைத் திறந்தார். சாவி துவாரத்தில் நுழைய மூன்று முயற்சி ஆயிற்று.

"ஓடிறாதீங்க சார்" என்றான் மத்தளம், கதவை அடைத்துக்கொண்டு. கதவை அடைக்க அவன் ஒருவனே போதும்.

ஹெட்போன் கட்டளையைத் தட்டினாள். மூலையில் இருந்த பழைய அச்சுப்பொறி தூக்கத்திலிருந்து எழுந்தது போலக் கரகரத்து ஒரே ஒரு வரியைத் துப்பியது. பொய்ப் பேர். ரத்த ரகம். சலவைக்கடை எண். இல்லாத வீட்டின் முகவரி. வரி அங்கே முடியவில்லை. கடைசிப் பதினாலு இடத்தில், ஆங்கில எழுத்தில் இரண்டு தமிழ் வார்த்தை இருந்தது.

ஹெட்போன் உரக்கப் படித்தாள். "நம்ம ஆள்."

 

"நம்ம ஆள்னா... எங்க ஆபீஸ்ல வேலை பாக்கிறவங்களா?" என்றாள் அவள்.

"ஆமா" என்றார் குடைச்சல். "வேலைக்குச் சேர்றவங்க எல்லாருக்கும் இங்க ரத்தப் பரிசோதனை உண்டு இல்லையா? மத்தளம், நீ காலையிலேயே துப்பைக் கண்டுபிடிச்சிட்டே. எனக்குத்தான் உறைக்க நேரமாச்சு. ஒரு மனுஷன் காலையிலிருந்து ஏன் ஹெல்மெட்டைக் கீழ வைக்கல? கிளம்பணும்னு எடுத்தவர், கிளம்ப முடியாம நிக்கிறார்." அவர் சர்வர் சார் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவை படி வரைக்கும் போனீங்க?"

சர்வர் சார் சுவரில் சாய்ந்தார். "ஏழு" என்றார்.

மத்தளத்தின் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றது. "யோவ், நீங்கதான் நானூத்திப் பதினேழா? பின்ன ஏன்யா? ஊசின்னா பயமா?"

"ஊசிக்கு இல்ல." அவர் குரல் அடியோடு இறங்கிவிட்டது. "மூணு வருஷம் முன்னாடி ரத்ததான முகாம் நடத்த ஒருத்தர் விண்ணப்பம் குடுத்தாங்க. கொடையாளிங்க பட்டியல் முகாம்ல ஒட்டுவாங்க. என் பேரை அவங்க பாத்துடக் கூடாதுன்னு அன்னைக்கு மாத்தினேன். அப்புறம் திருப்பி மாத்த தைரியம் வரல. இன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரியிலிருந்து கோரிக்கை வந்துச்சு. கேக்கிறவங்க பேர்ல அதே பேர். டிரைவிங் ஸ்கூல் நடத்துறவங்க." அவர் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "என் தங்கச்சி."

மத்தளம் கதவை விட்டு விலகினான். பன்னிரண்டு வருஷம், தாங்கல் கால், மூத்தவன். காலையில் காதில் விழுந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

"தம்பிக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறேன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். விபத்துல அவன் கால் ஊனமாச்சு. என் முகத்துல முழிக்காதேன்னு அப்பா சொன்னாரு. தங்கச்சியும் திரும்பிப் பாக்கல. ரத்தம் குடுக்கத் துடிக்குது மேடம். ஆனா கட்டில் பக்கத்துல அவ நிப்பாளே. எந்த முகத்தோட போவேன்?"

அந்த நேரம் பார்த்து மத்தளத்தின் கைப்பேசி துடித்தது. பதினாலாவது அழைப்பு. குடைச்சல் அதை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். சர்வர் சார் 'சொல்லாதீங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"கிடைச்சிட்டார்" என்றார் குடைச்சல். "ஆனா வரப் பயப்படறார்."

"பயமா?" அக்காவின் குரல் அறையை நிறைத்தது. அந்தக் குரலைக் கேட்டதும் சர்வர் சார் கண்ணை மூடிக்கொண்டார். "லாரி ஓட்ட நடுங்கினவங்களையே நான் ஓட்ட வெச்சிருக்கேன். வரச் சொல்லுங்க, நான் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கறேன். அவர் யாரா வேணா இருக்கட்டும் மேடம். இன்னைக்கு என் தம்பிக்கு அவர்தான் அண்ணன்."

போன் அணைந்தது. சர்வர் சார் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார். முகத்தை மறைக்கத்தான் மாட்டினார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வண்டிச் சாவியை மத்தளத்திடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. நான் ஓட்டினா பாதி வழியில திரும்பிடுவேன்."

ஆஸ்பத்திரியின் ரத்தம் எடுக்கும் அறைக்குள் நுழையும்போது மணி மூன்று முப்பத்தெட்டு. நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். பேர், ரகம், போன், முகவரி என்று நாலு கட்டம். அவர் நாலிலும் நிஜத்தை எழுதினார். கீழே தலைப்பில்லாமல் வெறும் இடம் கொஞ்சம் இருந்தது. பேனா அங்கே நெடுநேரம் நின்றது. பிறகு அங்கேயும் எழுதினார். 'நோயாளியின் அண்ணன்.'

கதவு படாரென்று திறந்தது. "எங்க அந்த நானூத்திப் பதினேழு?" என்று பாய்ந்து வந்த டிரைவிங் ஸ்கூல் அக்கா, கட்டிலில் இருந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

  சர்வர் சார் தலை நிமிரவே இல்லை.

அவள் படிவத்தை நர்ஸின் கையிலிருந்து வாங்கினாள். மேலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். கடைசி வரியை மறுபடியும் படித்தாள்.  சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, நர்ஸ் ஊசியோடு காத்திருந்தாள். அக்கா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூலைக் காலால் இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பிடிச்சுக்கறேன்னு சொன்னேன்ல" என்றாள். "கையை நீட்டுண்ணே."